கையை எப்போது எடுப்பது? மிகத் தீவிரக் குறைபாடு உள்ளவரைத் தானாக ஒரு வேலை செய்யப் பழக்குவதற்கான முழு வழிகாட்டி

குழாயை மூடிவிட்டு அவர் அப்படியே நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது, ஒரு தடவை அதைத் திரும்பியும் பார்த்தார், ஆனால் எடுக்கவில்லை. அரை நிமிஷம் போனது. நானும் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அப்புறம்தான் கவனித்தேன், அவருடைய வலது முழங்கை மட்டும் உடம்பை விட்டு விலகி என் பக்கமாக நீண்டிருந்தது. நான் தட்டுவதற்காகக் காத்திருக்கிறார். ஆறு மாதமாக அந்த இடத்தில் முழங்கையை மெல்லத் தட்டித் துண்டுப் பக்கம் தள்ளிவிட்டது நான்தான். 'இன்னும் கற்றுக்கொள்ளவில்லை' என்று நோட்டில் வேறு எழுதிவைத்திருந்தேன். பார்க்கப்போனால் நான் சொல்லிக்கொடுத்ததை அவர் பிசகாமல் கற்றிருந்தார்: குழாயை மூடு, முழங்கையை நீட்டு, தட்டல் வரும், துண்டை எடு.

பேச்சு இல்லாதவர்கள், சொன்னால் புரிகிறதா என்பதே உறுதியாகத் தெரியாதவர்கள், அறிவுசார் குறைபாட்டோடு பார்வைக் குறைவோ வலிப்போ கைகால் இறுக்கமோ சேர்ந்திருப்பவர்கள், இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோர், சிறப்பாசிரியர், பராமரிப்பாளர் யாராக இருந்தாலும் சரி. உதவி செய்ய எல்லோருக்கும் வருகிறது. கொடுத்த உதவியைத் திரும்ப எடுப்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். அதனால் எந்த உதவியைத் தொடங்கும்போதும், இதை எப்படி எடுக்கப்போகிறேன் என்பதையும் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இவர்களால் கற்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்ட வேண்டாம். 1949இல் பால் ஃபுல்லர் என்ற ஆய்வாளர், படுத்த படுக்கையாக இருந்த, எதையுமே கற்க இயலாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த 18 வயது இளைஞர் ஒருவருக்கு, வலது கை அசையும்போதெல்லாம் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான பாலை வாயில் விட்டார். அவர் கையைத் தூக்கக் கற்றுக்கொண்டார். 1970களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மிதமான, தீவிர அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு 15 உதிரிபாகம் கொண்ட சைக்கிள் பிரேக்கைக் கோர்க்கவும், அடுத்து 24 பாகம் கொண்டதைக் கோர்க்கவும் கற்றுக்கொடுத்தார், அதுவும் அதிகம் பேசாமல். தப்பாகப் போனால் 'இல்லை' என்று சொல்லாமல் 'வேறு மாதிரி செய்து பார்' என்பதுதான் அவர் பாணி. கற்காவிட்டால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டியது நம் வேலை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நானும் அந்தக் கட்சிதான்.

'தானாக' என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் தொடாமல், சொல்லாமல், சுட்டிக்காட்டாமல் செய்வது. கருவி இருக்கலாம், படம் ஒட்டியிருக்கலாம், சுவிட்ச் இருக்கலாம், அதெல்லாம் மூக்குக்கண்ணாடி மாதிரி. ஒரு வேலை முழுவதையும் செய்ய உடம்பு இடம் கொடுக்காதவருக்கு, அதில் ஒரு பகுதியாவது அவருடையதாக இருக்கட்டும். மேல்சட்டை போடும் வேலையில் கையை நீட்டுவது மட்டும் அவர் பங்கு என்றாலும் அது அவர் செய்த வேலைதான். 1980களின் தொடக்கத்திலிருந்தே இதைப் பகுதிப் பங்கேற்பு என்று தனியாகப் பேர் வைத்துப் பேசுகிறார்கள்.

எந்த வேலையை எடுப்பது

அமெரிக்காவில் சிறப்புக் கல்விப் பேராசிரியராக இருந்த லூ பிரவுனும் அவருடன் இருந்தவர்களும் 1976இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த ஒரு கேள்வி இன்றைக்கும் போதுமானது: இவர் இதைச் செய்யாவிட்டால், இவருக்காக வேறொருவர் செய்தாக வேண்டுமா? ஆமாம் என்றால் அது கற்றுக்கொடுக்கத் தகுந்த வேலை. கை கழுவுவது, உடை மாற்றுவது, கோப்பையில் குடிப்பது, தட்டைத் தொட்டியில் போடுவது எல்லாம் இதில் தேறும். வண்ண வளையங்களைக் குச்சியில் அடுக்குவது தேறாது. இருபத்தைந்து வயது ஆளை வளையம் அடுக்க உட்கார வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

அதோடு, வேலை ஒரு நாளில் பலமுறை இயல்பாக வர வேண்டும். வாரம் ஒரு தடவை வருவதைக் கற்பது யாருக்குமே கஷ்டம். முடிவில் அவருக்கு ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது: கோப்பையைத் தூக்கினால் பானம், கதவைத் தள்ளினால் வெளிக்காற்று. ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு வேலை போதும், ஐந்தை ஆரம்பித்து ஐந்தையும் கைவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முந்தைய வாரம்

இந்த வாரம் கற்பித்தல் கிடையாது. கவனிப்பது மட்டும்.

முதலில் உடம்பு. கால் தரையிலோ பலகையிலோ பதியாமல் தொங்கினால் கை நிதானமாக வேலை செய்யாது, எனவே உட்காரும் விதத்தை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். வலிப்பு மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் தட்டுகிறது, எந்த வேளையில் முகம் தெளிவாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்வை எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்பதும் முக்கியம், கண்ணில் பழுதில்லாமல் மூளையில் பழுது உள்ளவர்கள் அசையும் பொருளையும் ஒற்றை அடர்நிறத்தையும் சட்டென்று பிடிப்பார்கள், நெரிசலான பின்னணியில் இருப்பதைத் தவறவிடுவார்கள்.

அடுத்து விருப்பம். அவருக்கு எது பிடிக்கும் என்று வீட்டாரைக் கேட்டால் ஒரு பதில் வரும், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இரண்டிரண்டு பொருளாக முன்னால் வைத்து, எதன் பக்கம் கை போகிறது, எதைப் பார்த்தபடி இருக்கிறார் என்று எல்லா ஜோடிகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கை நீளாதவர் என்றால், ஒரு பொருளைக் கொடுத்து, பிறகு நிறுத்தி, முகமோ மூச்சோ மாறுகிறதா என்று பாருங்கள். அதிர்வு, காற்று, ஒரு குறிப்பிட்ட ஆளின் குரல், ஏதாவது ஒன்று அகப்படும்.

மூன்றாவது, நேரம். இதைத்தான் யாரும் அளப்பதில்லை. பிடித்த பொருளை நீட்டிவிட்டு, கை கிளம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சிலருக்கு 3, சிலருக்கு 20. இருபது விநாடி தேவைப்படுகிறவருக்கு ஐந்தாவது விநாடியில் உதவிக்குப் பாய்ந்தீர்கள் என்றால் நீங்கள் ஒருநாளும் அவருடைய முயற்சியைப் பார்க்கப்போவதில்லை.

வேலையைப் பிரிப்பது

மேசையில் உட்கார்ந்து யோசித்துப் பிரிக்காதீர்கள். அதே இடத்தில், அதே குழாயில், நீங்களே மூன்று தடவை செய்து பாருங்கள், கை போகிற ஒவ்வொரு இடத்தையும் இன்னொருவர் எழுதட்டும். கை கழுவுவதை ஒருவருக்காக நான் பிரித்தது இப்படி:

1. தொட்டி முன்னால் வந்து நிற்பது
2. குழாய்க் கைப்பிடியைத் தள்ளித் திறப்பது
3. இரண்டு கையையும் தண்ணீரில் காட்டுவது
4. சோப்புப் புட்டியின் தலையை ஒருமுறை அழுத்துவது
5. உள்ளங்கை இரண்டையும் தேய்ப்பது
6. புறங்கையைத் தேய்ப்பது
7. திரும்பத் தண்ணீரில் காட்டுவது
8. கைப்பிடியைத் தள்ளி மூடுவது
9. துண்டை எடுப்பது
10. துடைப்பது
11. துண்டைத் திரும்பப் போடுவது

இன்னொருவருக்கு இதே வேலை 19 படியானது, ஏனென்றால் அவருக்குக் கைப்பிடியைக் கண்டுபிடிப்பது ஒரு படி, விரலை மடக்குவது ஒரு படி, தள்ளுவது ஒரு படி. அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே மட்டும் நுணுக்கிப் பிரித்தால் போதும்.

பிரித்து முடித்ததும் கற்பிக்காதீர்கள், சோதியுங்கள். 'கை கழுவலாம்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஒரு படி வராவிட்டால் அவர் பார்வை படாதவாறு அந்தப் படியை நீங்களே முடித்துவிட்டு அடுத்ததற்கு வாய்ப்புக் கொடுங்கள். மூன்று நாள் இப்படிப் பார்த்தால் தொடக்க நிலை தெரிந்துவிடும். உங்களுக்கு ஆச்சரியமும் காத்திருக்கும், முடியாது என்று நீங்கள் நினைத்த நாலைந்து படி ஏற்கெனவே அவர் கையில் இருக்கும்.

இந்தக் கட்டத்திலேயே பொருளையும் மாற்றிவிடுங்கள். திருகுகிற குழாய்க்குப் பதில் தள்ளுகிற கைப்பிடி, கட்டி சோப்புக்குப் பதில் அழுத்துகிற புட்டி, பொத்தானுக்குப் பதில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ, தட்டுக்கு அடியில் வழுக்காத விரிப்பு. கோல்ட் தன் பிரேக் ஆய்வில் ஒரு குழுவுக்கு மட்டும் பாகங்களில் வண்ணம் பூசி, எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று காட்டினார், அவர்கள் சுலபமாகக் கற்றார்கள். ஆளை மாற்ற மூன்று மாதம் ஆகிற இடத்தில் குழாயை மாற்ற ஒரு மணி நேரம் போதும்.

எந்த முனையிலிருந்து

வேலையின் படிகளைச் சங்கிலியாகக் கோர்க்க மூன்று வழி இருக்கிறது. முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாக, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி, அல்லது ஒவ்வொரு முறையும் எல்லாப் படியையும் சேர்த்து. நிறையப் படிகள் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மூன்றாவது நன்றாக ஒத்துவரும். எதுவுமே வராதவருக்கு என் கை தானாகப் பின்னோக்கிய முறைக்குத்தான் போகும்.

காரணம் எளிது. டி ஷர்ட் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தலையும் இரண்டு கையும் நுழைத்து, சட்டை மார்புவரை வந்தாயிற்று, எல்லாம் நீங்கள் செய்தது. கடைசியாக விளிம்பைப் பிடித்து வயிற்றுவரை இழுப்பதை மட்டும் அவருக்கு விடுங்கள். இழுத்ததும் வேலை முடிந்துவிட்டது, கையோடு வெளியே போகிறார். முயற்சிக்கும் பலனுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. அது உறுதியானதும் தலையும் ஒரு கையும் நுழைத்ததோடு நிறுத்துங்கள், இரண்டாவது கையை நுழைப்பதும் அவர் பொறுப்பாகும். இப்படியே பின்னால் போய்ப் போய், ஒருநாள் மடித்த சட்டையை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடலாம்.

உதவி: கொடுப்பதும் எடுப்பதும்

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

உதவிகளை வலுவின் வரிசையில் பார்த்தால், கையை முழுவதுமாகப் பிடித்துச் செய்யவைப்பது உச்சம். அதற்கடுத்து மணிக்கட்டைத் தொடுவது, முழங்கையைத் தொடுவது, செய்துகாட்டுவது, சுட்டிக்காட்டுவது, வாயால் சொல்வது. வாயால் சொல்வதுதான் மிக லேசான உதவி என்று பலரும் அதைத் தாராளமாக அள்ளி வீசுவார்கள். என் அனுபவத்தில் எடுப்பதற்கு மிகக் கடினமான உதவியும் அதுதான். தொடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், 'சோப்பு எடு' என்பதை எப்படிக் கொஞ்சமாகச் சொல்வது? மேலும், இவர்களில் பலருக்குச் சொல் என்பது அர்த்தமாகப் போய்ச் சேர்வதே இல்லை, இரைச்சலாகத்தான் போகிறது. ஆகவே வேலையைத் தொடங்க ஒரே ஒரு வாக்கியம், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். 'ம், அப்படித்தான், அடுத்து என்ன, அடுத்து என்ன' என்பதும் சொல்வதுதான்.

புதிய வேலைக்கு வலுவான உதவியிலிருந்து லேசானதற்கு இறங்குங்கள், தப்பு குறையும். அவர் பாதி தெரிந்துவைத்திருக்கும் வேலைக்கு லேசானதிலிருந்து ஏறலாம்.

கையைப் பிடிக்கும்போது எதிரே நிற்காமல் பின்னால் நில்லுங்கள். எதிரே நின்றால் அவர் பார்ப்பது உங்கள் முகத்தை, குழாயை இல்லை. பிடி இறுகாமல், அவர் கை நகரும்போது உங்கள் கை தளர்ந்து, அது நின்றால் திரும்பக் கொஞ்சம் சேர்ந்து, இப்படி நொடிக்கு நொடி கூடிக் குறைய வேண்டும். அவருக்குப் பார்வையும் கேட்டலும் இரண்டுமே இல்லையென்றால் உங்கள் கை மேலே வரக் கூடாது, அவர் கைக்கு அடியில் இருக்கட்டும். அந்தக் கைதான் அவருக்குக் கண், மேலிருந்து அதைப் பிடிப்பது கண்ணைப் பொத்துவது போல. அடியில் இருந்தால் விருப்பமில்லாதபோது அவரால் எடுத்துக்கொள்ளவும் முடியும்.

எடுப்பதற்கு எனக்குப் பிடித்த வழி காலதாமதம். 1971இல் டச்செட் என்ற ஆய்வாளர் எழுதியதிலிருந்து இது வளர்ந்தது. முதல் சில தடவை காத்திருக்காமல் உடனே உதவுவீர்கள். அடுத்த கட்டத்தில், படி வந்ததும் குறிப்பிட்ட விநாடி காத்திருந்து, அதற்குள் அவர் தொடங்காவிட்டால் மட்டும் உதவி. எத்தனை விநாடி என்பதற்கு முன்பே அளந்துவைத்த அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள், அதோடு இரண்டு மூன்று விநாடி சேர்த்து. காத்திருக்கும்போது மனதுக்குள் எண்ணுங்கள், உதடு அசையக் கூடாது, சோப்பைப் பார்க்கவும் கூடாது. நம் கண் சோப்புக்குப் போனால் அதுவும் ஓர் உதவி, அதை அவர் பிடித்துக்கொள்வார்.

தொடக்கத்தில் சொன்ன முழங்கைக்கு வருவோம். அந்தத் தட்டலை நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவர் நின்றுகொண்டே இருந்திருப்பார். துண்டை அவர் கண்ணுக்கு நேராக, தொட்டிக்குப் பக்கத்திலேயே, அடர் மஞ்சளில் மாட்டினேன். தட்டலை முழங்கையிலிருந்து தோளுக்கு நகர்த்தினேன், பிறகு தோளுக்கு மேலே காற்றில், பிறகு இரண்டடி பின்னால் நின்றுகொண்டு. ஏழாவது வாரம் முழங்கை நீளவில்லை.

தப்பு நடக்கும்போது

'ஐயோ, அது இல்லை' என்று பதறாதீர்கள். சோப்பை வாய்க்குக் கொண்டுபோனால் பேசாமல் கையை வழியிலேயே நிறுத்தி, ஒரு படி பின்னால் போய், இந்தத் தடவை முன்கூட்டியே உதவி செய்து சரியாக முடிக்கவையுங்கள். ஒரே படியில் ஒரே தப்பு மூன்று நாள் வந்தால், அந்தப் படியை இன்னும் பிரிக்க வேண்டும் அல்லது பொருளை மாற்ற வேண்டும்.

பலன்

பிடித்தது உடனே கிடைக்க வேண்டும், ஓரிரு விநாடிக்குள். தாமதித்தால் அவர் நடுவில் தலையை ஆட்டியதற்குப் பரிசு என்று ஆகிவிடும். உதவியில்லாமல் செய்த படிக்குப் பெரிய பலன், உதவியோடு செய்ததற்குச் சின்னது, இந்த வேறுபாடு அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அப்புறம் மெல்ல மெல்ல, ஒவ்வொரு படிக்கும் கொடுத்ததை இரண்டு மூன்று படிக்கு ஒருமுறை, கடைசியில் வேலை முடிந்ததும் என்று நகர்த்துங்கள். பாராட்டும்போது வயதை மறக்க வேண்டாம். மீசை வைத்தவரை 'செல்லக்குட்டி' என்று கொஞ்சுவதை அவர் ஒருநாள் பேசினால் முதலில் குறை சொல்வார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குறிப்பேடு

ஒரு தாள், இடது ஓரத்தில் படிகள், மேலே தேதிகள். தானாகச் செய்தால் 'தா', தொட்டால் 'தொ', காட்டினால் 'கா', கையைப் பிடித்தால் 'பி'. அவ்வளவுதான். 'இன்று நன்றாகச் செய்தார்' என்று எழுதுவது குறிப்பு இல்லை. 11 படியில் 4 'தா' என்றால் 36 சதவீதம். ஆனால் எனக்குச் சதவீதத்தைவிடக் குறுக்குவரிசைதான் பிடிக்கும்: 9ஆம் படியில் மூன்று வாரமாக ஒரே 'தொ' என்றால் அங்கே எதையோ நான் தப்பாகச் செய்துகொண்டிருக்கிறேன். முழங்கை விஷயம் அப்படித்தான் பிடிபட்டது, பிடிபட ஆறு மாதம் ஆனதுதான் வெட்கம்.

தேறிவிட்டார் என்று எப்போது சொல்வது? நான் வைத்திருக்கும் அளவு: தொடர்ந்து மூன்று நாள், இரண்டு வெவ்வேறு ஆட்களோடு, எல்லாப் படியும் 'தா'.

நான்கைந்து நாள் எந்த அசைவும் இல்லையென்றால் முறையை மாற்றுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, மாற்றிய மாத்திரை, இரவில் வந்த வலிப்பு. சொல்ல வாயில்லாதவர் வலியைச் சொல்வது பல நேரம் நேற்றுவரை செய்ததைச் செய்யாமல் நிற்பதில்தான்.

கை மட்டும் அசைகிறவருக்கு, தலை மட்டும் அசைகிறவருக்கு

படிப்படியான வேலை எட்டாதவர்களுக்கு சுவிட்ச் இருக்கிறது. லேசாகத் தொட்டால், தலையைச் சாய்த்தால், சிலருக்குக் கண்ணைச் சிமிட்டினாலே வேலை செய்யும் சுவிட்சுகளை வைத்து, இத்தாலியில் ஜூலியோ லான்சியோனியும் அவர் குழுவும் பல வருடங்களாக ஏராளமான ஆய்வு செய்திருக்கிறார்கள். சுவிட்சை ஒரு பாட்டோடோ மின்விசிறியோடோ இணைத்து, தொட்டால் 8 அல்லது 10 விநாடி மட்டும் ஓடும்படி வையுங்கள். முழுப் பாட்டும் ஓடினால் திரும்பத் தொடக் காரணமே இருக்காது. அவர் தெரிந்துதான் தொடுகிறாரா, தற்செயலா என்று சந்தேகமா? சில நாள் இணைப்பைத் துண்டித்துவிட்டு எண்ணுங்கள், பிறகு திரும்ப இணைத்து எண்ணுங்கள். இணைத்தபோது கூடி, துண்டித்தபோது கொஞ்ச நேரம் முனைந்து அழுத்திவிட்டுப் பிறகு குறைந்தால், விஷயம் அவருக்குப் புரிந்திருக்கிறது.

வரிசை மறந்துபோகிறவர்களுக்கு நம் குரலுக்குப் பதில் பொருள் பேசட்டும். படம் புரிந்தால் தொட்டிக்கு மேலே படவரிசை. புரியாவிட்டால் நிஜப் பொருள்: ஸ்பூனைக் கையில் வைத்தால் சாப்பாட்டு நேரம், துண்டின் ஒரு துணுக்கை வைத்தால் குளியல்.

வேறு குழாய், வேறு ஆள்

ஒரே இடத்தில் கற்பித்துவிட்டு மற்ற இடத்துக்குத் தானாகப் போய்விடும் என்று இருப்பதை 1977இல் ஸ்டோக்ஸ், பேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'பயிற்சி கொடு, பிறகு நம்பிக்கொண்டிரு' என்று கிண்டலாகவே வகைப்படுத்தினார்கள். நம்பிக்கொண்டிருக்காதீர்கள். முதல் மாதத்திலிருந்தே இரண்டு குழாய், இரண்டு விதமான புட்டி, இரண்டு ஆள். எல்லோரும் ஒரே தாளில் குறிக்க வேண்டும், முக்கியமாக வீட்டிலும் பயிற்சி மையத்திலும் ஒரே உதவி. மையத்தில் 15 விநாடி காத்திருந்து, வீட்டில் அவசரத்துக்கு யாராவது கழுவிவிட்டால், அவர் இரண்டையும் சரியாகப் பிரித்துக் கற்றுக்கொள்வார்: அங்கே செய்ய வேண்டும், இங்கே நின்றால் போதும். காலை அவசரத்தில் முடியாது என்றால் பரவாயில்லை, மாலையில் ஒரு வேளை மட்டும் என்று முடிவு செய்து அதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

சில எச்சரிக்கைகள்

கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். முகத்தைத் திருப்புவது, உடம்பை விறைப்பது, கண்ணை மூடுவது எல்லாம் 'வேண்டாம்' என்பதற்கு அவரிடம் உள்ள சொற்கள். ஒருவர் தினமும் மறுக்கிற வேலையைக் கையைப் பிடித்துச் செய்யவைப்பது கற்பித்தலில் சேராது. சாப்பாடு, பானம் சம்பந்தமான எதையும், விழுங்குவதைப் பரிசோதிக்காமல் தொடங்காதீர்கள், புரையேறுவது விளையாட்டில்லை. வெந்நீர் வருகிற குழாயில் சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். சோப்பை வாயில் போடும் பழக்கம் இருந்தால், நீங்கள் விலகி நிற்கும் நாளுக்கு முன்பே புட்டியைச் சுவரில் பொருத்திவிடுங்கள்.

கடைசி உதவி நீங்கள்

தொடுவதையும் சொல்வதையும் எடுத்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும்: நீங்கள் பக்கத்தில் நிற்பது. அதையும் வரிசையாகக் குறையுங்கள். ஒரு கை தூரம், இரண்டடி, கதவருகே, கதவுக்கு வெளியே பாதி உடம்பு, அப்புறம் முழுக்க வெளியே. ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று நாள். தாளில் தூரத்துக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் தன்னால் உள்ளே வந்துவிடும். வெளியே நின்றால் பார்க்க முடியாது, காதால்தான் குறிக்க வேண்டும், அதுவும் பழகிவிடும்: தண்ணீர் விழுகிற சத்தம், புட்டி ஒருமுறை அழுந்துகிற சத்தம், தண்ணீர் நிற்பது, பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் இருப்பது. துண்டு சத்தம் போடாது. அந்த இடத்தில் எட்டிப்பார்க்காமல் எண்ணிக்கொண்டு நில்லுங்கள்.